குரல் இறங்கிய இடம்

"சத்தம் கேட்டா இந்த பட்டனை அழுத்துங்க ஆன்ட்டி, ரொம்ப லேசாக் கேட்டாலும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு, பர்வீன் என்ற அந்தப் பெண் கனமான கதவை வெளியிலிருந்து சாத்தினாள். சாத்திய பிறகுதான், இவ்வளவு நேரம் எத்தனை சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம் என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. புரசைவாக்கம் நெடுஞ்சாலையின் பஸ் ஹாரன், கீழே இனிப்புக் கடையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம், வரவேற்பறையில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த டிவி, எல்லாம் ஒரே வெட்டில் நின்றுபோயின. நிற்பதென்றால் இப்படித்தான் நிற்க வேண்டும், பாட்டில் இதற்கென்று ஒரு இடம் உண்டு, சரணம் முடிந்து பல்லவி திரும்புவதற்கு முன்னால் வாத்தியமெல்லாம் நின்று ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது, அந்த ஒன்றுமில்லாத இடத்தில் கேட்கிறவர் மனசுக்குள் பல்லவியைப் பாடிவிடுவார், பாடகர் பாடுவது அதற்குப் பிறகுதான், அதனால்தான் அந்தப் பாட்டைத் தானே பாடியது போல அவருக்கு இருக்கிறது, இதை அவள் கேமராவைப் பார்த்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், கையை உயர்த்தி, நிறுத்தி, சிரித்து. இங்கே நின்ற சத்தத்துக்குப் பிறகு எந்தப் பல்லவியும் வருவதாக இல்லை. பஞ்சு ஒட்டிய சுவர், முகம் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் குனிந்த பர்வீனின் தலை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள், காதை இறுக்கிப் பிடித்த ஹெட்போன், கையில் ஒரு பட்டன். காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆண்டவரே, காது கெட்டிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தாள்.

முதல் சத்தம் வந்தது. சின்ன, சுத்தமான, உணர்ச்சியே இல்லாத ஒரு ஊதல். அழுத்தினாள். மறுபடி வந்தது, கொஞ்சம் தள்ளி நின்று ஊதுவது போல, அழுத்தினாள், இன்னும் தள்ளி, அழுத்தினாள், தெருமுனை வரைக்கும் போய்விட்ட ஒருவர் அங்கிருந்து ஊதுவது போல ஒன்று, அதற்கும் அழுத்தினாள். என்ன சுரம் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டையில் கடைசிக் கட்டை, அதற்கு இம்மி மேலே. அடுத்தது அதே சுரம், ஒரு ஸ்தாயி உயரத்தில். இந்த மெஷினுக்கு ஒரே ஒரு சுரம்தான் தெரியும் போலிருக்கிறது, அதையே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறது, ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு பாட்டு ஆகாது, இரண்டு வேண்டும், குறைந்தது இரண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த காலம் முழுக்க அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்று, கணவர் ஆசீர் இறந்து, மகள் கெசியாவும் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய், வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, அதையே போனில் பதிவு செய்து இணையத்தில் போட்டாள். 'பாட்டுக்குள்ளே' என்று பெயர் வைத்தது கெசியாதான். சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வது, அது ஏன் நம்மை விடமாட்டேன் என்கிறது என்று பிரித்துச் சொல்வது, அவ்வளவுதான். பல்லவியின் முதல் வரி ஏன் நாலைந்து சுரத்துக்குள்ளேயே நடக்கிறது, குளிக்கும்போது எல்லாரும் பாட வேண்டுமே அதனால். அந்தப் பெரிய தாவல் ஏன் பாட்டில் ஒரே ஒரு முறை வருகிறது, இரண்டாம் முறை வந்தால் அது தாவலே இல்லை, படிக்கட்டு. மெட்டு அசையாமல் நிற்கும்போது அடியில் பேஸ் கிடார் மட்டும் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது. ஜனங்கள் கேட்டார்கள். கீரைக்காரி கேட்டாள், பேங்க் மேனேஜர் கேட்டார், எங்கிருந்தோ ஒரு பையன், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்பதாக எழுதினான். உங்க காது தங்கக் காதும்மா என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

இப்போது சத்தம் வரவில்லை. வந்ததா? வந்து, கேட்காமல் போனதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்வீன் ஒரு குமிழைத் திருப்புகிறாள், திருப்பிவிட்டு ஒரு விரலால் தட்டுகிறாள், நிமிர்ந்து இவளைப் பார்க்கிறாள், மறுபடி திருப்புகிறாள். கை நடக்கிறது, காதில் ஒன்றுமில்லை. ஊமைப் படம் போல இருந்தது. இதைத்தானே வேண்டிக்கொண்டோம், பிறகு எதற்குப் பயம் என்று தன்னையே கேட்டாள், பயம் கேட்கவில்லை. பர்வீன் தட்டுவதில் ஒரு தாளம் இருந்தது, அவளுக்கே தெரியாத தாளம், இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு, நீண்ட இடைவெளி. அடுத்து எப்போது தட்டுவாள் என்று எப்சிபாவின் பெருவிரலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஹெட்போனுக்குள் பர்வீனின் குரல் வந்தது, கோபமில்லாமல், சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல: "ஆன்ட்டி, கேட்டாத்தான் அழுத்தணும். வரும்னு நினைச்சு அழுத்தக் கூடாது." "சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வரும்னு நினைச்சு. எத்தனை வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள், மருந்துக் கடைக்காரர் பாதி சொல்லும்போதே தலையாட்டியது, கோயிலில் போதகர் பிரசங்கத்தில் எந்த வசனம் என்று ஊகித்துப் பக்கத்தைப் புரட்டியது, யாராவது சிரித்தால் சிரித்தது. பாட்டு டீச்சருக்கு ஊகிக்க வரும். மெட்டு எங்கே போகிறது என்று தெரிந்தால் வார்த்தை எங்கே விழும் என்று தெரியும், விழாத இடத்தில் நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். கெசியாவின் வார்த்தைக்குப் பதிலாகவும் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

கெசியா போன் செய்த அன்றைக்குக் காலையில் அவள் படகுப் பாட்டில் இருந்தாள். பழைய பாட்டு, ஒரு பெண் படகில் தனியாகப் போய்க்கொண்டே பாடுவது, படம் யாருக்கும் நினைவில்லை, பாட்டு மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதில் இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். ஏன் அடைக்கிறது என்று ஒரு வாரமாகப் பிடிபடவில்லை. முதல் சரணத்துக்கும் இரண்டாவதுக்கும் மெட்டில் வித்தியாசமே இல்லாதது போல இருந்தது, அதே வாத்தியங்கள், அதே தாளம், ஆனால் முதலாவது அழகாக மட்டும் இருக்கிறது, இரண்டாவது அறுக்கிறது. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, விரலைக் கம்ப்யூட்டர் கீபோர்டில் வைத்து, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விரலை எடுக்காமலே இடது கையால் எடுத்தாள். "என்ன பாப்பா, ஆபீஸ் இல்லையா?" என்றாள். கெசியா சொன்னாள், "ரெண்டு மாசமா அலைச்சலாருக்கும்மா." புது ஆபீஸ், ஊருக்கு வெளியே, பஸ் மாறி மெட்ரோ மாறிப் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள், அதனால் அந்த வாக்கியம் தனக்கென்று வெட்டி வைத்த பள்ளத்தில் விழுவது போல அப்படியே விழுந்தது. "வேலைன்னா அப்படித்தான் பாப்பா, போகப்போகப் பழகிரும்" என்றாள் எப்சிபா. "எல்லாருக்கும் இருக்கறதுதான், நல்லா சாப்பிடு, ராத்திரி கண்ணு முழிக்காதே." "சரிம்மா" என்றாள் கெசியா. "வைக்கட்டுமா?" "ம்." வைத்தாள். விரல் கீபோர்டிலேயே இருந்தது, அழுத்தினாள், படகுப் பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடியது.

அவள் சொன்னது அதுவல்ல. சொன்னது, ரெண்டு மாசம்மா, கலைஞ்சிருச்சும்மா. மாசம்மா என்பது மாசமா ஆனதுகூடப் போகட்டும், ஒரு ககரம், எவ்வளவு சின்னது, உதட்டிலும் இல்லாமல் தொண்டையிலும் இல்லாமல் நடுவில் ஒரு தட்டு. அது விழுந்துபோனால் கலைவது அலைவதாகிவிடும். அந்தக் குழந்தை வந்திருக்கிறது என்றே எப்சிபாவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை, மூன்று மாதம் ஆகட்டும், நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். வந்ததையும் போனதையும் ஒரே வரியில் சொன்னாள், அந்த வரிக்குத்தான் இந்தப் பதில், போகப்போகப் பழகிரும். எல்லாருக்கும் இருக்கறதுதான். மாதங்கள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று மருமகன் ஜோயலிடம் போனில் கேட்டபோது அவன் தயங்கினான். "இந்தத் தடவை வேண்டாம் அத்தை. அவளுக்கு மனசு சரியில்லை. குழந்தை பிறந்திருந்தா இந்த மாசம்தான்." எந்தக் குழந்தை என்று கேட்டாள். எந்தக் குழந்தை என்று தன் வாயால் கேட்டாள். "உங்ககிட்ட அன்னைக்கே சொன்னாளே அத்தை. பழகிரும்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம் அதைப் பத்தி யார்கிட்டயும் அவ பேசலை." அவன் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அவனுக்கு அது வரவும் வராது, கேள்விப்பட்டதைச் சொன்னான். எப்சிபா போனை மேசைமேல் வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே அந்த வரியைத் தேடினாள், கெசியா சொன்ன அந்த வரியை, பாட்டைத் தேடுவது போல, பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஓட்டி. சொல் கிடைத்தது. சொல்லோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைத்தது, அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அது என்னவென்றால், அந்த வரியின் மெட்டு அவளுக்குக் கேட்டிருந்தது. முழுசாகக் கேட்டிருந்தது. கெசியாவின் குரல் பஞ்சமத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, மெட்டுக்கு வீடான ஸட்ஜமத்துக்கு வந்து, அங்கே நிற்காமல், கடைசி 'ம்மா'வில் ஆதார சுருதிக்கும் கீழே, கீழ் ஸ்தாயி நிஷாதத்துக்கு நழுவி, அங்கேயே இருந்துவிட்டது. திரும்பி வரவில்லை. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் எப்சிபா படகுப் பாட்டின் ரகசியத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது சரணத்தின் கடைசி வரி வீட்டு வாசலுக்கு வந்து, வாசலில் நிற்காமல், ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது, ஒரே ஒரு படி, அந்தப் பெண் பாடகி அதை மூச்சோடு மூச்சாகப் பாடியிருப்பதால் காதுக்கு அது சுரமாகவே தெரிவதில்லை, பெருமூச்சாகத் தெரிகிறது. ஒரு வாரமாகக் கிடைக்காதது அன்றைக்கு எப்படிக் கிடைத்தது என்று அவள் யோசிக்கவில்லை. கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் காபி போட்டுக் குடித்தாள். சாயங்காலமே பதிவு செய்தாள். மனுஷக் குரல் கேள்வி கேட்கும்போது மேலே ஏறும், பதில் சொல்லும்போது கீழே இறங்கி வீட்டுக்கு வந்து உட்காரும், ஆனால் இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது வீட்டுக்கும் கீழே போய்விடும், கேளுங்கள், இப்படி, என்று கேமராவைப் பார்த்து அந்த இறக்கத்தை வாய்விட்டுக் காட்டினாள், பஞ்சமத்திலிருந்து நிஷாதம் வரை, கடைசியில் ஒரு 'ம்மா' கூடத் தானாக வந்தது. அவள் போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அழுதுட்டேன் டீச்சர் என்று எழுதினார்கள். எங்கே கத்துக்கிட்டீங்க என்று ஒருவர் கேட்டிருந்தார், அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். மகளின் குரலை வாங்கி வைத்துக்கொண்டு, மகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காது கொண்டுவந்து கொடுத்திருக்கிறது, உள்ளே இருந்த யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குத் தகவல் போகவில்லை. அதனால்தான் இங்கே வந்தாள். காது நிஜமாகவே கெட்டிருந்தால், மெட்டுகூடச் சரியாகக் கேட்கவில்லை, எதுவுமே சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டால், பாட்டில் கிடைத்ததும் மகள் சொன்னதும் தற்செயலாக ஒன்றுபோல இருந்துவிட்டன என்று ஆகிவிடும், பிறகு கெசியாவுக்குப் போன் செய்து, பாப்பா, எனக்குக் காது போச்சு, அதுதான், என்று சொல்லலாம். அதுவரை கெசியாவிடம் ஒன்றும் சொல்லாதே என்று ஜோயலிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப வார்த்தைங்க வரும் ஆன்ட்டி. என்ன கேக்குதோ அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலைன்னு சொல்லுங்க." ஒரு பெண் குரல், முன்னமே பதிவு செய்தது, உணர்ச்சியை எல்லாம் துடைத்துவிட்டு வார்த்தையை மட்டும் வைக்கிற குரல். மேசை. "மேசை" என்றாள். மரம். "மரம்." பட்டு என்று வந்தது, "பட்டு" என்றாள், சொன்ன பிறகு அது தட்டாக இருக்கலாமோ என்று தோன்றியது, கட்டாகவும் இருக்கலாம், சட்டாக இருக்க முடியாது, அப்படி ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான் தைரியம். இலை. "இலை" என்றாள். கிளையோ? கிளியோ? பர்வீனின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பெண் குனிந்தபடியே இருந்தாள், சரி என்றும் காட்டவில்லை, தப்பு என்றும் காட்டவில்லை. மெட்டில்லாத வார்த்தைகள். மெட்டு இருந்திருந்தால் ஊகித்திருப்பாள், கோபத்தில் சொன்ன கிளை வேறு, ஆசையோடு சொன்ன இலை வேறு, இங்கே ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் யாரும் இல்லை. கெசியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பேச்சு வருவதற்கு முன்னால், மெட்டாகத்தான் பேசினாள், பால் வேண்டுமென்றால் ஒரு மெட்டு, தூக்கம் வந்தால் ஒரு மெட்டு, ஆசீருக்கு ஒன்றும் புரியாது, எப்சிபா அடுப்படியிலிருந்தே சொல்லுவாள், அவளுக்கு எறும்பு கடிச்சிருக்கு, பாருங்க. போய்ப் பார்த்தால் எறும்பு இருக்கும். "எப்படிடீ?" என்பார். அப்போது அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சோறு பொங்குகிற சத்தம் தெரிவது போலத் தெரிந்தது. அதற்குப் பெயர் எல்லாம் வைக்கவில்லை, நிஷாதம் என்று தெரிந்திருந்தால் எறும்பைத் தட்டிவிட யார் போயிருப்பார்கள். வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. "தெரியலை" என்றாள். அடுத்ததற்கும் "தெரியலைம்மா" என்றாள். சொல்லச் சொல்ல அது சுலபமாக இருந்தது, இத்தனை காலம் இந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தோம் என்று இருந்தது.

கதவு திறந்ததும் சத்தங்கள் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தன, முன்னைப் போல இல்லை, கொஞ்சம் மழுங்கியிருந்தன, அல்லது எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும். பர்வீன் ஒரு தாளை மேசையில் திருப்பி வைத்தாள், அதில் ஒரு கோடு இடமிருந்து வலமாகச் சமமாகப் போய், பாதியில் கரையிலிருந்து வழுக்குவது போல இறங்கியது. "இங்க பாருங்க ஆன்ட்டி. கீழ் சத்தம், நடு சத்தம், இது வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கு. உங்க வயசுக்கு இது ஆச்சரியம்தான். மேல் சத்தம் போகப்போகத்தான் இறங்குது. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி. வயசுனால வர்றதுதான்." எப்சிபா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு எது கேக்காது?" "எழுத்துங்க. க, ச, த, ப மாதிரி எழுத்துங்க விட்டுப்போகும். போன்ல இன்னும் அதிகமா விட்டுப்போகும். பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெளிவா இருக்காது. காதுல மெஷின் வெச்சுக்கிட்டா நல்ல மாத்தம் தெரியும் ஆன்ட்டி." இதுதான், இதற்குத்தான் வந்தது, க விட்டுப்போகும் என்று ஒரு படித்த பெண் சொல்லிவிட்டாள், எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விடலாம், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம். தாளை மடிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்" என்றாள். "போன்ல ஒருத்தர் மனசு உடைஞ்சு பேசறாங்கன்னு வெச்சுக்கோ. அழலை. குரல் மட்டும் அப்படி இறங்குது. அது எனக்குத் தெரியுமா, தெரியாதா?" பர்வீன் கொஞ்சம் யோசித்தாள், நல்ல செய்தி சொல்கிறவளின் சந்தோஷத்தோடு சொன்னாள்: "அது நல்லாவே தெரியும் ஆன்ட்டி. குரல் ஏத்த இறக்கமெல்லாம் கீழ் சத்தத்துலதான் இருக்கு. அது உங்களுக்கு முழுசா இருக்கு. நீங்க பாட்டு டீச்சர்னு சொன்னீங்களே, கவலையே படாதீங்க, அதுக்கு ஒரு குறையும் இல்லை." "ஆமா" என்றாள் எப்சிபா. "அப்படித்தான் நானும் நினைச்சேன்."

படிக்கட்டின் நடுவில், சுவரோரமாக, ஆட்கள் ஏறி இறங்க வழிவிட்டு நின்றுகொண்டாள். நெய்யில் எதையோ பொரிக்கிற வாசனை கீழேயிருந்து ஏறி வந்தது. சொல்ல நினைத்து வைத்திருந்த வாக்கியத்தின் பாதி உண்மை, பாதி பொய், எந்தப் பாதியை முதலில் சொல்வது என்று தெரியாமலே கெசியாவின் பெயரை அழுத்தினாள். எடுத்ததும் பின்னால் ஆபீஸ் இரைச்சல் இருந்தது. "சொல்லும்மா." "பாப்பா, காது டெஸ்ட் பண்ண வந்தேன். சில எழுத்து எனக்குக் கேக்கறதில்லையாம்." "ஐயோ. எவ்வளவு நாளா?" "தெரியலை. ஜோயல் சொன்னான். நீ அன்னைக்குச் சொன்னது என் காதுல வேற மாதிரி விழுந்திருச்சு. அலைச்சல்னு விழுந்துச்சு." இரைச்சல் குறைந்தது, கெசியா எங்கேயோ எழுந்து போகிறாள், ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்து: "திரும்பக் கேட்டிருக்கலாம்லம்மா. பாட்டுல ஒரு வரி புரியலைன்னா ஒரு வாரம் கேக்கறே." எப்சிபா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "என் குரல் எப்படி இருந்துச்சுன்னுகூடவா கேக்கலை?" இங்கேதான் பொய்ப் பாதியைச் சொல்ல வேண்டும், கேக்கலை பாப்பா என்று, ஒரே சொல், அந்தப் பெண் கொடுத்த தாள்கூடக் கையில் இருக்கிறது. "கேட்டுச்சு" என்றாள் எப்சிபா. "அது கேட்டுச்சு. கேட்டும் நான் அதைப் பாட்டுன்னு எடுத்துக்கிட்டேன்." யாரோ ஒரு அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனாள், அவள் சேலை எப்சிபாவின் முழங்கையில் உரசியது. "தெரியும்மா" என்றாள் கெசியா. "அந்த வீடியோவைப் பார்த்தேன். முழுசாப் பார்க்கலை." மன்னிச்சிரு என்பது மெட்டில்லாமல் சொல்ல வேண்டிய சொல், மெட்டோடு சொன்னால் நடிப்பாகிவிடும் என்று நினைத்து நினைத்து, நினைத்ததிலேயே அது நேரம் தப்பிப் போனது. "இப்பச் சொல்லு பாப்பா" என்று மட்டும் கேட்டாள், "என்ன நடந்துச்சுன்னு." "இப்ப என்னம்மா சொல்றது. அது அன்னைக்குச் சொல்ல வேண்டியது." "சரி." "வைக்கட்டுமா?" "வைக்காதே." கெசியா வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு, மிகவும் தணிந்த குரலில், ஏதோ சொன்னாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே மட்டத்தில் போய் நின்றது, அதில் என்ன இருக்கிறது என்று அந்த மெட்டிலிருந்து ஊகிக்க மனசு தானாகக் கிளம்பியது, சோர்வாக இருக்கிறது என்கிறாள், இல்லை, ஜோயலைப் பற்றி ஏதோ. கிளம்பிய மனசைப் பிடித்து நிறுத்தினாள். "கேக்கலை பாப்பா. திரும்பச் சொல்லு." கெசியா திரும்பச் சொன்னாள். ஒரு 'யா' வந்தது, ஒரு 'னே' வந்தது, நடுவில் ஓட்டைகள். "இன்னும் கேக்கலை. இன்னொரு தடவை." எரிச்சல்படுவாள் என்று பயந்தாள். கெசியா எரிச்சல்படவில்லை, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள், அப்பாவுக்கு மருந்துச் சீட்டு படித்துக் காட்டுகிற காலத்தில் செய்தது போல ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு ஜோயல் ஊர்ல இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போனேம்மா."